குண்டுமணிக்கு மட்டும் ஏன் வரவில்லை?

மந்தைவெளியில், எங்கள் சந்தின் கோடியில் பக்கிரியின் மாட்டுக்கொட்டகை இருக்கிறது. அங்கே மூன்று பசுக்கள்.

ராணியும் லில்லியும் ஜெர்சிக் கலப்பு. ராணி தும்மினால் கபாலி கோயில் குளத்தில் அலை அடிக்கும். லில்லி ஒரு வேளைக்குக் கறக்கும் பாலில் மயிலாப்பூர் முழுவதும் காபி குடித்துவிட்டு, மீதியில் தயிர் தோய்க்கலாம்.

மூன்றாவது குண்டுமணி, நாட்டு மாடு. ஆட்டைவிட அரை அங்குலம்தான் உயரம். பால் ஒரு சொம்பு. ஆனால் ஊரில் யார் புது வீடு குடிபோனாலும் முதலில் உள்ளே நுழைகிற பசு அவள்தான். ஐந்தாம் மாடி என்றாலும் லிஃப்டில் ஏறிவிடுவாள்.

"ஆறு பேர் மட்டும்னு போட்டிருக்கே?" என்று காவலாளி கேட்டால், "நாலு கால்தானே, ரெண்டு பேர் கணக்கு" என்பார் பக்கிரி.

ஒரு நாள் காலையில் ராணியின் உடம்பெல்லாம் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டிகள். மறுநாள் லில்லிக்கும். காய்ச்சல் வேறு. புண்ணாக்குத் தண்ணீரை வைத்தால்கூட இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குண்டுமணி மட்டும் வைக்கோலை நறநறவென்று மென்றுகொண்டிருந்தாள்.

அதுதான் வம்பாகிவிட்டது.

எதிர் வீட்டு வேதாந்தம் மாமா பால் வாங்க வந்தார். அடுத்த மாதம் அடையாற்றில் அவர் மகனின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம்.

"ரெண்டும் படுத்துண்டிருக்கு, இது மட்டும் ஜம்முனு நிக்கறதே பக்கிரி" என்றார் மாமா. "ஊரெல்லாம் சுத்தறது இதுதானே? எங்கேயோ வியாதியை வாங்கிண்டு வந்து, அதுகளுக்குக் குடுத்துட்டு, தான் தப்பிச்சுண்டுடுத்து."

மத்தியானத்துக்குள் சந்து முழுக்க இதே பேச்சு. பக்கிரி தலையைச் சொறிந்தார்.

"ஆதம்பாக்கத்துல ஒருத்தர் வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டாரு" என்றார் மகள் மேகலாவிடம். "சாயங்காலம் வண்டி வருது. குண்டுமணி போவட்டும்."

ஐந்தாம் வகுப்பு மேகலா அழவில்லை. குண்டுமணியின் கயிற்றைத் தன் இடுப்பில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தங்கை நிஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைச் சொறிந்தாள். கொசு கடித்தால் அவளுக்கு அதிரசம் மாதிரி வீங்கும். ஒருமுறை கன்னத்தில் கடித்தபோது, பள்ளியில் புதுப் பெண் என்று நினைத்து டீச்சர் பெயர் கேட்டார். மேகலாவுக்கோ அதே பாய், அதே கொசு, கடுகளவுகூட வீங்காது.

மேகலா தங்கையின் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

"நைனா, நிஷாவைக் கடிக்கிற கொசுதான என்னையும் கடிக்குது?"

"ஆமா, அதுக்கு இன்னா இப்போ?"

"அவளுக்கு வீங்குது, எனக்கு வீங்கல. அப்போ நான்தான் கொசுவைக் கூட்டிக்கினு வந்தேனா? என்னையும் வண்டில ஏத்திடுவியா?"

பக்கிரி இருவர் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டரைக் கேட்டுட்டு அனுப்பு நைனா. அதுவரைக்கும் முடிச்சை அவுக்க மாட்டேன்."

பக்கிரி போன் போட்டார். வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தபோது, அதன் பின்னாலேயே கால்நடை மருத்துவர் வஜீஹா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மூன்று மாடுகளையும் தடவிப் பார்த்தார்.

"தோல் கழலை நோய். முக்கியமா கடிக்கிற ஈயும் கொசுவும் பரப்புறது. குண்டுமணி கொண்டுவந்ததுன்னு யார் சொன்னது?"

சாயங்காலப் பாலுக்கு வந்திருந்த வேதாந்தம் மாமா மும்முரமாகப் பால் தூக்கைத் துடைத்தார். "அப்போ இதை மட்டும் கொசு கடிக்கலையா?"

"கடிச்சிருக்கும் சார். ஆனா ஒவ்வொரு உடம்பும் பிறக்கும்போதே அப்பா அம்மாகிட்டேருந்து வேற வேற குணத்தை வாங்கிட்டு வருது. மரபணுன்னு சொல்றோமே, அதுதான். ஒண்ணு பாலை நிறையக் குடுக்கும், ஒண்ணு நோயை நல்லாத் தாங்கும். நாட்டு மாடுங்க பல தலைமுறையா இந்தப் பூச்சிங்களோட வாழ்ந்ததுங்க. நோய் வராதுன்னு இல்ல, வந்தாலும் பெரும்பாலும் லேசாப் போயிடும்."

"என்னையும் நிஷாவையும் மாதிரி" என்றாள் மேகலா.

"ஏறக்குறைய அப்படித்தான்" என்று டாக்டர் சிரித்தார். "ஆனா இப்போ எந்த மாடும் இங்கேருந்து வெளியே போகக் கூடாது. போனா அங்கேயும் பரவிடும்."

வண்டி காலியாகத் திரும்பிப் போனது. முடிச்சை அவிழ்க்கத்தான் அரை மணி நேரம் ஆயிற்று. மேகலா அவ்வளவு இறுக்கிவிட்டிருந்தாள்.

குண்டுமணி கொட்டகையின் மறுகோடிக்கு மாறினாள். டாக்டர் ஊசி போட்டார். மேகலா வேப்பிலைப் புகை போட்டதில் மெரினா வரைக்கும் ஆட்கள் இருமினார்கள். வேதாந்தம் மாமா தம் வீட்டிலிருந்த கொசுவலைகளையெல்லாம் கொண்டுவந்து கொட்டகையில் கட்டினார்.

ஒரு காலையில் ராணி புண்ணாக்கு வாளியைப் பளபளவென்று நக்கி வைத்திருந்தாள். லில்லி அவளுடைய வாளியைக் கவிழ்த்துவிட்டு இன்னும் கேட்டாள். பக்கிரி அப்படியே தரையில் உட்கார்ந்து, "அப்பாடா" என்று விட்ட மூச்சில் சந்தில் காய்ந்த துணியெல்லாம் பறந்தது.

கிரகப்பிரவேசத்தை மாமா தள்ளிவைத்திருந்தார். "குண்டுமணி நுழையாத ஆத்துல நான் எப்படி நுழையறது?" என்றாராம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் அடையாற்றுக்குப் புறப்பட்டார்கள். குண்டுமணி ஐந்தாம் மாடிப் புது வீட்டின் நட்டநடுக் கூடத்தில் சாணி போட, அதைவிட நல்ல சகுனமே இல்லை என்று எல்லோரும் கைகூப்பினார்கள்.

திரும்பும்போது கழுத்தில் மாலையோடு மாமாவும் லிஃப்டுக்குள் நுழைந்தார்.

"இது ரெண்டு பேர் கணக்குதானே மேகலா? எனக்கும் இடம் இருக்கும்" என்று குண்டுமணியை ஒட்டி நின்றார்.

ஐந்து மாடி இறங்கிக் கதவு திறந்தது. மாமாவின் கழுத்தில் நார் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.