துரையின் வயிறு

2071 அக்டோபர் 18, ஞாயிறு. விடியும்வரை தூறல், பின்னர் மூடுபனி. தாளவாடி மேட்டுநிலத்து இறைச்சி மாட்டுப் பண்ணையில், பயறுவகைத் தீவனமான குதிரைமசாலின் இலைகளிலிருந்து காலை பத்து மணிக்கும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று மேய்ப்பர் சலோமிக்குப் பசித்தது. மூன்றாண்டுகளாக அது அவளுக்கு அரிய இன்பம். அவளுடைய விலாவுக்கடியில் பதிக்கப்பட்ட வயிற்றுணர்வி, மந்தையை முன்நடத்தும் காளையான துரையின் வயிறு உணர்வதை அப்படியே அவளுக்குக் கடத்தும். ஈர மசாலை வெறும் வயிற்றில் தின்றால் மாட்டுக்கு உப்பிசம் கண்டு, வயிற்றில் வாயு அடைத்து, ஒரு மணி நேரத்தில் உயிர் போய்விடும். மேய்ப்பருக்கே இடப்பக்கம் வலித்தால் உடனே மந்தையைத் திருப்பிவிடலாம். ஆனால், துரை வயிறார மேய்ந்த நாளில் சலோமியால் ஒரு கவளமும் விழுங்க இயலாது. ஆகவே, விருந்துக்கு முந்தைய இரவு மாடுகளைப் பட்டினி போடுவது மேய்ப்பர்களிடையே வெளியே சொல்லாத வழக்கமாயிற்று.

அன்று பண்ணையின் லாரி ஓட்டுநர் மிக்கேலின் மகள் கோவிலில் முதன்முறை நற்கருணை வாங்கியதற்கான புதுநன்மை விருந்து, பண்ணையிலேயே. சலோமி மூன்று தட்டு பிரியாணி உண்டாள்; பிறகு எழுந்து போய்ப் பட்டியைத் திறந்தாள். முதலில் இரண்டு மணி நேரம் கொழுக்கட்டைப்புல், அதன் பின்னரே மசால், அதுவே விதி. புல் வயலோ ஓடைக்கு அப்பால் இருந்தது. இங்கே பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. குடித்துவிட்டு வந்து மாற்றிவிடலாம் என்று எண்ணி, அருகிலிருந்த மசால் வயலின் படலைத் திறந்துவிட்டாள்.

பதினொன்று கடந்ததும் இடப்பக்கம் வலித்தது.

“மிக்கேலு, ஒரு சோடா எடுடா. வயிறு கிழியுது.”

“மூணு தட்டு உள்ள போனா கிழியாம என்னக்கா செய்யும்? மாட்டுக்குத்தான் நாலு வயிறு, உனக்கு ஒண்ணுதான்.”

எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். துரையாக இருக்குமோ என்ற ஐயம் ஒருமுறை எழத்தான் செய்தது. எழுந்து போவதைவிடப் பிரியாணியைக் குறைசொல்வது எளிதாக இருந்தது.

வலி கூடிக்கொண்டே போய், சட்டென்று நின்றது. நீண்ட ஏப்பம் ஒன்று வந்தது.

“அப்பாடா, கரைஞ்சுடுச்சு,” என்றாள்.

பாயசத்தை முடித்து வயலுக்குப் போனபோது துரை இடவயிறு முரசுபோல் புடைத்து, கால்கள் விறைத்துக் கிடந்தது. மற்ற மாடுகளை ஓடைக்கு அப்பால் ஓட்டிக் காப்பாற்றினார்கள்.

“விடுக்கா,” என்றான் மிக்கேல். “அடுத்த வாரம் என் வண்டியில ஏற வேண்டியதுதானே.”

“வெட்டுனா ஒரு நொடிடா. இது அரை மணி நேரம். எப்படி வலிச்சுதுன்னு எனக்குத் தெரியும்ல.”

துரையின் கழுத்துப்பட்டையை அவளே கழற்றினாள். இதயம் நின்ற வேளை அதில் பதிவாகியிருந்தது. அவள் நிம்மதியாக ஏப்பம் விட்ட வேளையும் அதுதான்: முற்பகல் 11.42.