பேஸ் பெட்டியின் துவாரம்

நாவலப்பிட்டியில் அந்தப் பழைய மண்டபத்தைத் திறந்துவிட்டபோது காவலாளி வீரய்யா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"கதவ மட்டும் சாத்திறாதீங்க தம்பி. இந்த மண்டபத்துக்கு மூச்சு முட்டும்."

ஜீவன் சிரித்துக்கொண்டான். மறுநாள் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டுவது அவன்தான். கம்பளையிலிருந்து லொறியில் வந்த, அடித்தொனி முழங்கும் இரண்டு பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகளும் புத்தம் புதியவை. பெற்ற பிள்ளையைக்கூட ஒருத்தன் இப்படித் துடைக்கமாட்டான் என்று மனைவி றமீலா கேலி செய்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. சாரல் பெட்டியில் படுமே என்று ஜீவன் கதவைச் சாத்தினான்.

பாட்டு எதுவும் போடவில்லை. ஆனால் ஒரு பெட்டியில் ஸ்பீக்கரின் கூம்பு உள்ளும் வெளியுமாகத் துள்ளியது.

சத்தமே இல்லை.

காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த ஒலி வந்தால் கூம்புக்குப் பிடிமானம் இருக்காது. துள்ளித் துள்ளியே கிழிந்துபோகும். அந்த ஒலியை வெட்டும் பில்டரைப் போட்டான். நிற்கவில்லை. ஒலியைப் பெருக்கும் அம்ப்பை அணைத்தான். வயரையும் பிடுங்கினான்.

அப்போதும் துள்ளியது.

பெட்டியின் காற்றுத் துவாரத்திலிருந்து மூச்சு விடுவதுபோல வெதுவெதுப்பாக ஈரமண் வாடை வந்தது. அவசரத்துக்குத் தொழில்காரர்கள் செய்வதையே அவனும் செய்தான். லொறியில் பெட்டிகள் மோதாமல் இடையில் வைத்த பஞ்சை எடுத்துத் துவாரத்தை இறுக்கி அடைத்தான். உள்ளே காற்று இறுகினால் கூம்பு அடங்கும்.

அடங்கியது.

"அப்பாடா" என்றான். அது அவன் காதிலேயே விழவில்லை. மழைச் சத்தமும் இல்லை. காது அடைத்தது, நெஞ்சு இறுகியது. ஓடிப்போய்க் கதவை இழுத்தான், அசையவில்லை. ஜன்னலும் அப்படித்தான். இழுக்க மூச்சில்லை. இங்கேயே செத்துப்போவோம் என்ற பயத்தில் திரும்பி ஓடிவந்து பஞ்சைப் பிடுங்கினான்.

துவாரத்துக்குள்ளிருந்து ஏதோ அவன் கையைப் பிடித்தது.

தேத்தண்ணியோடு றமீலா வந்து தொட்டதும் கதவு திறந்துகொண்டது. மண்டபத்தில் யாருமில்லை.

"இங்க பாருங்க... எங்க போனீங்க?"

பின்னால் வந்த வீரய்யா வாசலைத் தாண்டவில்லை. "கதவச் சாத்துனாரா?" என்றார்.

வயர் தரையில் கிடந்தது. கூம்பு துள்ளியது. கிழிந்தால் புருஷன் தாங்கமாட்டாரே என்று றமீலா அதில் உள்ளங்கையை வைத்தாள்.

குறுகியதாக ஒரு துடிப்பு. நீளமாக இரண்டு.

ற... மீ... லா...

மறுபடியும்.

அழுதுகொண்டே திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியின் பின்பலகையைப் பெயர்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

கூம்பு கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.