இடம் மாறிய இரண்டு குழாய்கள்

செவ்வாய், காலை 8.15. ஆய்வுக்கூடத்தில் எதுவும் உடையவில்லை, எதுவும் தொலையவில்லை. பிறகு தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் புரியவில்லை.

அழுது முகம் வீங்கியிருந்த ஆராய்ச்சியாளர்தான் விளக்கினாள். மைக்ரோ ஆர்.என்.ஏ. செல்லுக்குள் இருக்கும் துளியூண்டு சங்கதி. மரபணுக்களுக்குக் கடிவாளம் போடும். வயிற்றுப் புற்றுநோயில் அப்படியொரு கடிவாளம் குறைய, கட்டி வளர்கிறது. அதை அவள் திரும்பச் செலுத்தியதும் செல்கள் அடங்கின. வியாழன்வரை எல்லாம் சரி. சனிக்கிழமை செலுத்தியவை மட்டும் தட்டு நிறைய வளர்ந்துவிட்டன. சோதித்தால், மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று லேபிள் ஒட்டிய குழாயில் இருந்தது ஒப்பீட்டுக்காக வைத்த வெற்றுக் கலவை. இரண்டு குழாய்களின் லேபிளையும் யாரோ மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஆய்வைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற கூட்டம் நாளை.

9.30. உறைபெட்டியிலிருந்து குழாயை எடுத்து, இன்ஸ்பெக்டர் தடய எண் சீட்டை ஒட்டினார். பனிப்பூச்சில் நழுவி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. எரிச்சலோடு, குழாயைப் போட்ட பைமேல் ஒட்டினார். வியாழனுக்கும் சனிக்கும் இடையே பெட்டி திறந்தது இரண்டே முறை என்றது கதவுப் பதிவு: வெள்ளி 4.10, 4.50.

10.05. துறைத் தலைவர் பதறவில்லை.

"நாலு பத்துக்குத் திறந்தது நான்தான். பாத்துட்டு உடனே மூடிட்டேன். அப்புறம் யாருன்னு தெரியாது. லேபிள் மாத்த ஒரு நிமிஷம் போதுமே."

இன்ஸ்பெக்டர் குழம்பியபடியே மாடிப்படிவரை போய், சட்டென்று திரும்பினார்.

"போதாது சார். உறைஞ்ச குழாய்ல லேபிள் ஒட்டாது, நானே ரெண்டு வீணாக்கினேன். வெளியே எடுத்து, உருகவிட்டு, துடைச்சுதான் ஒட்டணும். அதுக்கு ஒரு தடவை எடுக்கணும், ஒரு தடவை வைக்கணும். பெட்டி திறந்ததே ரெண்டு தடவை; வச்சது நாலு அம்பதுக்குன்னா, எடுத்தது நாலு பத்துக்கு. அது நீங்கதான்னு நீங்களே சொல்லிட்டீங்க."

துறைத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதே மைக்ரோ ஆர்.என்.ஏ. கட்டியை வளர்க்கும் என்று பதினோரு வருடம் முன்பு நிறுவியவர் அவர். அந்த ஆராய்ச்சிப் பெண் சொல்வது நிலைத்தால் தன் உழைப்பெல்லாம் பொய்யாகிவிடும் என்று பயந்துவிட்டாராம்.

வாசலில் ஆராய்ச்சியாளரிடம் இன்ஸ்பெக்டர் கேட்டார், "அப்போ அவர் கண்டுபிடிச்சது தப்பா?"

"அவர் பாத்தது நுரையீரல் செல்லும்மா. ஒரு இடத்துல அடக்குறது இன்னொரு இடத்துல வளர்க்கலாம். எந்த மரபணுவைப் பிடிக்குதோ, அதைப் பொறுத்தது." அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சரியாத்தான் இருந்திருப்போம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஜீப்பில் ஏறி அறிக்கையைத் திறந்த இன்ஸ்பெக்டர், குற்றத்தின் காரணம் என்ற இடத்தில், 'ஒரு வார்த்தை கேட்கவில்லை' என்று எழுதினார்.