கரிக்கு நாலு கை

"ஐயோ... என் கரி!"

கோரமண்டல் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தகர டப்பா ஒன்று கவிழ்ந்து, கறுப்பு உருண்டைகள் நாலா பக்கமும் ஓடின. மழைக்கு ஒதுங்க ஓடி வந்த இளைஞன் ஏனோக் ஒரு பெண்ணின் தோளில் இடித்ததுதான் காரணம். இடித்தவன் திகைத்து நின்றான். இடிபட்டவள் அவனைப் பார்த்து முறைத்தாள்.

அந்தக் கண்கள்... கோபத்தில் இருந்தும்கூட மழை கழுவிய நாவல்பழம் மாதிரி மினுங்கின. ஏனோக் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாத்துக்கினே நிக்கறீங்களே... பொறுக்கிக் குடுங்க! ரயில் வந்துடும்."

அவன் குனிந்து பொறுக்க ஆரம்பித்தான். சுட்ட களிமண் உருண்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு துளை. சிலவற்றில் மூங்கில் குச்சி செருகியிருந்தது.

"இன்னாங்க இது? லட்டுக்குக் கை முளைச்ச மாதிரி கீது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள். "லட்டு இல்ல. கரி. ரசாயனத்துல கரிக்கு நாலு கை. எப்பவும் நாலுதான். ஒண்ணுகூட சும்மா தொங்கக் கூடாது, யாரையாவது புடிச்சுக்கினே இருக்கணும்."

"யாரையாவதா?"

"யாரையாவது..." என்று சொன்னவளுக்கு ஏனோ காது மடல் சூடானது.

நனைந்துகொண்டிருந்த ஒரு மடித்த காகிதத்தையும் எடுத்து, தன் சட்டையில் ஒற்றி, அவள் கையில் கொடுத்தான். அதற்குள் ரயில் வந்துவிட்டது. அவள் பெண்கள் பெட்டியில் ஏறினாள். ஜன்னல் வழியே ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்... அவ்வளவுதான். பேர்கூடக் கேட்கவில்லை.

அது 1903ஆம் வருஷம், ஜூன் மாதம்.

அவள் பியாட்ரிஸ். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கப் பள்ளிக்கூடத்து ஆபிரகாம் வாத்தியாரின் ஒரே மகள். வேலூரில் கம்பவுண்டர் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா சனிக்கிழமை மத்தியானங்களில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்களைச் சுரங்கக் கம்பெனியின் சோதனைக்கூடப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். தங்கத்தை மட்டும் சோதித்த காலம் போய்விட்டது. இப்போது வெடிமருந்து, எந்திர எண்ணெய், சுரங்கத்துக்குள் கொளுத்தும் மெழுகுவத்தி எல்லாமே அங்கே சோதனைக்கு வந்தன. அதனால் இந்த வருஷம் கரி ரசாயனத்திலும் கேள்வி உண்டு என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சை திங்கட்கிழமை. தேறினால் சோதனைக்கூடத்தில் நிரந்தர வேலை. தேறாவிட்டால் 'கேஜ்' என்ற இரும்புக் கூண்டில் ஏறி, பாதாளக் குழியான ஷாப்டுக்குள் இறங்க வேண்டியதுதான்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை பார்த்து வாத்தியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"நான் நடத்தறேன்ப்பா," என்றாள் பியாட்ரிஸ்.

வகுப்புக்குள் நுழைந்ததும் பன்னிரண்டு ஆண் தலைகள் நிமிர்ந்தன. இரண்டாவது பெஞ்சில் ஒரு முகம்... பிளாட்பாரத்து முகம்! அவள் கையிலிருந்த சாக்குக்கட்டி நழுவப் பார்த்தது.

'இவனா? இங்கேயா? கடவுளே...'

அவனும் கண் இமைக்காமல் பார்த்தான். பக்கத்தில் இருந்த காத்தவராயன் அவன் விலாவில் குத்தினான். "டேய் ஏனோக்கு, இன்னாடா ஆச்சு உனக்கு?"

ஓ... பேர் ஏனோக்கா!

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இன்னிக்குப் பாடம் கிடையாது. விளையாட்டு. ஜன்னல் பக்கம் ஒரு கட்சி, சுவர்ப் பக்கம் ஒரு கட்சி. நான் கேப்பேன். கையைத் தூக்கிட்டுப் பதில் சொல்லணும். சரியா சொன்னா பலகையில ஒரு கோடு."

முதலில் எல்லோரும் நெளிந்தார்கள். ஒரு பெண், அதுவும் சின்னப் பெண், கேள்வி கேட்பதா? ஆனால் முதல் கோடு விழுந்ததும் ரத்தம் சூடேறிவிட்டது.

"சேத்துக் குட்டையில குமிழி விடற வாயு?"

"மார்ஷ் கேஸு!" ஜன்னல் கட்சிக்கு ஒன்று.

"அதுல கரியோட நாலு கையையும் புடிச்சிருக்கிறது யாரு?"

"ஹைட்ரஜன்... நாலு!" சுவர்க் கட்சிக்கு ஒன்று.

"ரெண்டு கரி ஒரு கையால கோத்துக்கிட்டா, மிச்சம் எத்தனை கை?"

"ஆறு!" என்றான் தசரதன், பெஞ்சு மேலேயே ஏறி நின்று.

"ரெண்டு கையால கோத்துக்கிட்டா?"

"நாலு!" இது ஏனோக். அமைதியான குரல். அவள் பலகைப் பக்கம் திரும்பிக் கோடு போட்டாள். கோடு கோணலாக விழுந்தது.

"சாராயத்துல என்னென்ன இருக்குது?"

"சண்டை கீது டீச்சரம்மா!" என்றான் காத்தவராயன்.

கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பு. மூலையில் கம்பளி சுற்றி உட்கார்ந்திருந்த வாத்தியார்கூட சத்தமே வராமல் குலுங்கினார். வெளியே மழை கொட்டியது. உள்ளே யாருக்கும் அது காதில் விழவில்லை.

கடைசிக் கேள்வி. பலகையில் இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது கோடு.

"நாலு கரி, பத்து ஹைட்ரஜன். இதை எத்தனை விதமா கோக்கலாம்? யோசிச்சு..."

"ரெண்டு," என்றான் ஏனோக்.

அவள் கேள்வியை முடிக்கக்கூட இல்லை. பியாட்ரிஸுக்குச் சுரீர் என்றது. இந்தக் கேள்வியும் இதன் விடையும் அப்பாவின் வகுப்புக்காக அவள் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தவை... ஸ்டேஷனில் அவன் எடுத்துக் கொடுத்த அதே காகிதம்.

"நீங்க... அந்தப் பேப்பரைப் பாத்தீங்களா?"

எல்லாத் தலைகளும் ஏனோக் பக்கம் திரும்பின.

"மடிச்சிருந்தது. மடிச்ச மாதிரியே குடுத்தேன்," என்றான். முகம் கறுத்துப் போயிற்று.

"பின்ன எப்படி உடனே சொன்னீங்க? எனக்கே அரை நாள் ஆச்சு!"

"அப்போ பேப்பர்ல இல்லாததைக் கேளுங்க. அஞ்சு கரி வெச்சுக் கேளுங்க. மூணு விதம்."

"ரெண்டுதான் வரும்."

"மூணுங்க."

"வராது! தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க."

சொன்ன பிறகுதான், எவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. ஏனோக் எழுந்தான். மூலையில் இருந்த வாத்தியாருக்குக் கும்பிடு போட்டான்.

"மன்னிச்சுக்குங்கய்யா. திருடன்னு பேர் வாங்கிக்கினு பரீட்சை எழுதறதைவிட ஷாப்டுல இறங்கறது மேலு. மேஸ்திரி ஆள் கேட்டுக்கினே இருக்காரு. திங்கக்கெழமை மொத ஷிப்டுக்குப் பேர் குடுத்துடறேன்."

மழையிலேயே இறங்கி நடந்துபோனான். அவள் சாக்குக்கட்டியைப் பிடித்தபடி நின்றாள்... மனசு ஏன் இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறது?

வீட்டுக்கு வந்ததும் உருண்டைகளைப் பாயில் கொட்டினாள். ஐந்தை எடுத்தாள். வரிசையாகக் கோத்தாள். ஒன்று. நாலை வரிசையாக வைத்து, ஐந்தாவதை இரண்டாவதன் பக்கத்தில் ஒட்டினாள். இரண்டு. அந்த ஐந்தாவதை வேறு இடத்துக்கு மாற்றினாள். திருப்பிப் பார்த்தால் பழையதேதான். 'பாத்தியா, ரெண்டுதான்' என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு உருண்டையை நடுவில் வைத்தாள். அதன் நான்கு துளையிலும் நான்கு குச்சி. நான்கு குச்சி முனையிலும் நான்கு உருண்டை...

மிச்சக் குச்சிகளைக் கீழே போட்டாள்.

மூணு! மூணேதான்!

ஒரு கணம் துள்ளிக் குதித்தாள். எவ்வளவு அழகு! மறுகணம் கண்ணில் நீர் முட்டியது. காகிதத்தில் இல்லாதது... தனக்கே தெரியாதது... அவன் தானாகவே கண்டுபிடித்தது. பன்னிரண்டு பேர் முன்னால் அவனைத் திருடன் ஆக்கிவிட்டோமே!

வாத்தியார் பாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தொண்டையை நீவிக்கொண்டு கரகரத்தார்: "எல்லார் எதிர்லதான சொன்னியேம்மா. மன்னிப்பையும் எல்லார் எதிர்லயும் கேட்டுடு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காத்தவராயனிடம் வழி விசாரித்துக்கொண்டு, தூறலில் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனுக்குப் போனாள் பியாட்ரிஸ். வரிசை வரிசையாக மூங்கில் தட்டி வீடுகள். வாசலுக்கு வாசல் சனம். ஒழுகிய கூரை மேல் ஏறித் தட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான் ஏனோக். கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவன் தாய் பாக்கியவதி.

"மூணு!" என்று அண்ணாந்து கத்தினாள் பியாட்ரிஸ்.

லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவன் எட்டிப் பார்த்தான். கை முடிச்சிலேயே நின்றது. "இன்னாது மூணு?"

"அஞ்சு கரி... மூணு விதம்! நீங்க சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. பேப்பரைப் பாத்தீங்கன்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. எல்லாரும் கேட்டுக்குங்க... இவர் யார் பேப்பரையும் பாக்கல!"

மழைத்துளி அவள் இமையில் தங்கி, கன்னத்தில் இறங்கியது. அது மழைதானா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. அவன் கூரையிலிருந்து குதித்தே விட்டான்.

"எப்படி உடனே சொன்னேன்னு கேட்டீங்களே..." தலையைக் குனிந்துகொண்டான். "ஸ்டேஷன்ல நீங்கதான சொன்னீங்க, கரிக்கு நாலு கை, ஒண்ணுகூட சும்மா தொங்கக் கூடாதுன்னு. அந்த வாரம் பூரா அதேதாங்க. கல்லு இடிக்கறப்ப, சோறு துன்றப்ப... மனசுக்குள்ள கோத்துக் கோத்துப் பாத்துக்கினே இருந்தேன். நாலு கரி, அஞ்சு கரி... ஆறுகூடப் பாத்துட்டேன்."

"ஆறுக்கு எத்தனை?"

"அஞ்சு."

'இதையும் நான் வீட்டுக்குப் போய்த்தான் பார்க்கணும்' என்று நினைத்தவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நாளைக்குப் பரீட்சைக்கு வாங்க."

"மேஸ்திரிகிட்ட பேர் குடுத்துட்டேங்க. குடுத்த வார்த்தை..."

"பேரைத் திருப்பி வாங்குங்க! அவருக்கு ஆள்தானே வேணும்? சோதனைக்கூடத்துக்கு வேண்டியது இந்த மூளை."

பாக்கியவதி கயிற்றைக் கீழே போட்டாள். "நான் அழுது சொன்னப்போ கேட்டானா பாரு. நீ சொல்லும்மா, நல்லா சொல்லு. டேய், மேஸ்திரி வீட்டுக்கு இப்பவே போறியா, நான் போகட்டுமா?"

அவன் போனான். சாதாரணமாகவா போனான்? ஓடினான்!

திங்கட்கிழமை பரீட்சை நடந்தது. முடிவு தெரிய வியாழக்கிழமை ஆனது. அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஒரே கூச்சல். ஏனோக் முதலாவது, தசரதனும் தேறிவிட்டான். தேறாத காத்தவராயன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தி, ஏனோக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். குரல் திரும்பியிருந்த வாத்தியார், "எறக்குடா, கையை ஒடைச்சுடாதே!" என்று அதட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு ஏனோக் தயங்கித் தயங்கி வேப்பமரத்தடிக்கு வந்தான். பியாட்ரிஸ் அங்கே நின்றிருந்தாள். மழை விட்டு, இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்களாலதாங்க..."

"உங்க மூளையால."

அவன் தொப்பியைக் கசக்கினான். அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள்.

"ஒண்ணு சொல்லணுங்க... தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"வந்துங்க... உங்கப்பாகிட்ட வந்து பேசலாம்னு... எங்கம்மாவைக் கூட்டிக்கினு..." வார்த்தை சிக்கிக்கொண்டது.

"நான் நேத்தே பேசிட்டேன்," என்றாள் அவள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நேத்தா? பரீட்சை முடிவே வரலியே!"

"தேறலைன்னாலும் பேசியிருப்பேன்."

"ஐ... ஐயா இன்னா சொன்னாரு?"

"முதல்ல அந்தப் பையனைக் கேளுன்னாரு."

அவள் தலை நிமிர்த்தி அவனை நேராகப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அதான் கேக்கறேன்... என்னைக் கட்டிக்கறீங்களா?"

ஏனோக்கின் வாய் திறந்தது, மூடியது. காது வரை சிவந்தான். ஒரு இலை சொட்டியது... இன்னொன்று சொட்டியது...

"என்ன யோசனை?" அவள் குரல் இப்போது லேசாக நடுங்கியது.

"யோசனை இல்லீங்க..." என்றான் அவன், கண் கலங்கிச் சிரித்துக்கொண்டே. "மொத நாள் நீங்க ரயில் ஏறிப் போனதுலேர்ந்து இதே நெனப்புதான். வாய் நிறைய 'சரி'ன்னு சொல்லணும்... அதான் மூச்சு வாங்கிக்கறேன்."