சுறா எண்ணெயும் இரண்டு கூடைச் சாம்பலும்

மரியத்தின் வாப்பா ஆதம்பாவாவுக்கு மரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. மன்னாரில் வள்ளம் வைத்திருப்பவர்கள் மரம் கெட்டுப்போகாமல் இருக்கச் சுறா எண்ணெய் பூசுவார்கள். வாப்பா வள்ளத்தோடு நிற்கமாட்டார். வீட்டில் கதவுக்கும் உட்காரும் கதிரைக்கும்கூடப் பூசிவிட்டார். உம்மா ஒளித்து வைத்ததால் அகப்பை மட்டும் தப்பியது.

1905ஆம் ஆண்டு அவருக்கு ஒரு சின்னப் புகைக்கப்பலில் வேலை கிடைத்தது. நங்கூரம் தூக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. நீராவியைத் திறந்துவிட்டால் சக்கரம் சுழன்று, பத்துப் பேர் இழுக்கும் சங்கிலியைத் தனியே மேலே இழுத்துவிடும். நங்கூரத்தை இறக்கிய பிறகு சங்கிலி ஓடாமல் பிடிப்பது பிரேக்கு. சக்கரத்தைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டி, அதன் உட்புறம் மரக்கட்டைகள். கைப்பிடியைத் திருகினால் கட்டைகள் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும்.

ஒரு நாள் காலை மரியமும் அந்தக் கப்பலில் ஏறினாள். சிலாவத்துறையில் மாமி வீட்டுக்குப் பயணம். வழியில் கொதிகலனின் குழாய் ஒழுகத் தொடங்கியது. கப்பலை நடத்தும் தண்டல் சிங்கராசா நங்கூரத்தைப் போட்டு, நெருப்பை அணைக்கச் சொன்னார். நெருப்புக்காரர் தாவூது குழாயைத் திருத்தப் போனார்.

காற்று பலத்தது.

"கடக்... கடக்..."

"என்ன சத்தம் வாப்பா?"

வாப்பாவின் முகம் வெளிறிப்போனது. பிரேக்கு இறுகித்தான் இருந்தது. ஆனாலும் சக்கரம் மெல்லச் சுழன்றது. சங்கிலி ஒவ்வொரு வளையமாகக் கடலுக்குள் போனது. சங்கிலி நீள நீள, கப்பல் பின்னுக்குப் போனது. பின்னால் கற்பாறைகளில் அலை நுரைத்தது.

"இறுக்கு, ஆதம்பாவா!" என்று தண்டல் கத்தினார்.

"இதுக்கு மேலை திருக ஏலாது, தண்டல் ஐயா!"

"தாவூது, நீராவி எப்ப வரும்?"

"ரெண்டு மணித்தியாலம் வேணும்!"

கப்பலில் இருபது பேர் இருந்தார்கள். பாறைக்கோ அவ்வளவு தூரம் இல்லை. மரியத்துக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சினாள். அப்போதுதான் அந்த மணம் வந்தது. வீட்டுக் கதவின் மணம்!

"வாப்பா, அந்தக் கட்டைக்கு எண்ணெய் பூசினீங்களா?"

வாப்பா கட்டைகளைக் குனிந்து பார்த்தார். "மரந்தானே எண்டு... முந்தநாள் பூசினனான்."

வீட்டில் உம்மா மீன்சட்டி கழுவும்போது சட்டி கையை விட்டு வழுக்கும். உடனே அடுப்படிச் சாம்பலை அள்ளிப் போடுவார். மரியம் திரும்பிப் பார்த்தாள். காலையில் தாவூது வாரிய சாம்பல், ஆறிப்போய் இரண்டு கூடைகளில் இருந்தது.

ஒரு கூடையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாப்பா, சாம்பல் போடுங்கோ! எண்ணெயை அது குடிச்சிடும்!"

"சங்கிலிக்குக் கிட்ட வராதை! அங்கையே நில்லு!"

வாப்பா கூடையை வாங்கினார். சுழலும் சக்கரத்தின்மேல் சாம்பலைக் கொட்டினார். சக்கரம் அதைப் பட்டிக்குள் இழுத்தது. கரிய சேறாக எண்ணெய் வழிந்தது. தண்டல் தன் தலைப்பாகையை அவிழ்த்து அதைத் துடைத்தார்.

"கடக்..."

"மற்றக் கூடையையும் கொண்டா, மகள்!"

வாப்பா மறுபடி கொட்டினார். கைப்பிடியைத் திருகினார். இம்முறை அது இன்னும் கொஞ்சம் இறுகியது.

"கட..."

சக்கரம் நின்றது. சங்கிலி விறைத்தது. கப்பல் ஒரு குலுக்குக் குலுங்கி அப்படியே நின்றது.

எல்லாரும் மூச்சுவிட்டார்கள். ஒருவர் அழுதார், ஒருவர் சிரித்தார். மரியத்துக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

வாப்பா தண்டலின் முன்னால் போய் நின்றார். "பிழை என்ரைதான், ஐயா. நான் வேலையை விட்டுட்டுப் போறன்."

தண்டல் கரி பிடித்த தலைப்பாகையை உதறினார். தொண்டையைச் செருமினார்.

"அப்ப நானும்தான் போகவேணும். நீ பூசேக்கை பக்கத்திலை நிண்டு, 'அந்த மூலையிலை விட்டிட்டாய், அங்கையும் பூசு' எண்டு காட்டினது ஆர்?"

மரியம் பக்கென்று சிரித்துவிட்டாள். வாப்பாவும் சிரித்தார். சிரித்தபடியே மகளின் சாம்பல் கையைப் பிடித்து முத்தமிட்டார். தாடியில் சாம்பல் ஒட்டிக்கொண்டது. சிலாவத்துறை போய்ச் சேரும்வரை அவர் அதைத் துடைக்கவே இல்லை.