கையால் தட்டிய வழி

ஊழியர்கள் அனைவரும் எழுந்து நின்று வாசிக்க வேண்டிய அறிவிப்பு: மூடிக் கிடந்த கிளை நாளை திறக்கப்படுவதை முன்னிட்டு, அதன் ரூட்டருக்கு இந்த ஞாயிறு பிற்பகல் தலைமை வலையமைப்பு அதிகாரி தம் சொந்த விரல்களாலேயே தகவல் போக வேண்டிய வழிகளை எழுதி அருள்வார்.

இதை எழுதியவரும் அவரே. அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் மைக். கையில் மைக் இல்லாத நேரத்திலும் இருப்பதுபோலவே பேசுவார் என்பதால்.

வீட்டின் பின்னறையில் ஏசியைப் போட்டு மடிக்கணினி முன் அமர்ந்தார். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அங்க போகாமலே சரி பண்ணிடுவீங்களா?"

"நாலு வரி தட்டினா முடிஞ்சுது."

"என் தம்பியும் அப்படித்தானே தட்டினான்." அவள் குரல் இறங்கியது. "அவனால உங்களுக்கு எவ்வளவு தலைக்குனிவு."

"விடும்மா. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

அந்த மன்னிப்பு சற்று விசேஷமானது. போன மழைக்காலத்தில், வீட்டிலிருந்தே அந்த ரூட்டருக்குள் நுழைந்து, தான் நுழைந்த வழியையே அழித்து, ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்தவர் மைக்தான். தமக்குக் கீழே வேலை பார்த்த மச்சினனின் கடவுச்சொல்லில் நுழைந்திருந்தார், அதனால் தவறு அவன் பேரில் பதிவானது. கிளை செவிடும் ஊமையுமாகிப்போனது. இந்த நோய்க்கு ஒரே மருந்து, ஒரு மனிதன் நேரில் போய் ரூட்டரின் பிடரியில் கேபிளைச் சொருகுவது. "உன் பேர்லதானே பதிவாகியிருக்கு, நீயே போ" என்று மச்சினனைக் கொட்டும் மழையில் பைக்கில் அனுப்பினார். அவன் போய்ச் சேரவில்லை. பாலத்துக்குக் கீழே ஆற்றில் பைக் கிடைத்தது. தலையில் ஹெல்மெட்டோடு அவனும் கிடைத்தான். இரங்கல் கூட்டத்தில் தவறு செய்வது மனித இயல்பு என்று பேசிக் கண்களைத் துடைத்துக்கொண்டார் மைக். தம்பிக்காக அக்கா மன்னிப்புக் கேட்டாள். அவரும் பெருந்தன்மையோடு வழங்கினார்.

இப்போது, போன வாரம் வேறொருவர் நேரில் போய்த் திறந்துவைத்த வழியாக ரூட்டருக்குள் நுழைந்தார். பட்டியலில் பழைய வழி ஒன்று மிச்சமிருந்தது. அதை அழிக்கும் கட்டளையைத் தட்டினார். மறுபடி பட்டியலைக் கேட்டார்.

வழி அப்படியே இருந்தது.

மீண்டும் அழித்தார். மீண்டும் இருந்தது. இந்த முறை அதன் கீழே இன்னொன்றும் சேர்ந்திருந்தது. இரண்டின் முன்னாலும் S என்ற எழுத்து. ரூட்டர் தானாகக் கற்றுக்கொண்ட வழிகளுக்கு வேறு எழுத்துகள் உண்டு. S என்றால், யாரோ ஒரு மனிதன் உட்கார்ந்து கையால் தட்டியது.

ஏசியின் குளிர்ந்த காற்றில், எங்கோ மூலையில் சுருட்டிப் போட்டு மறந்துபோன மழைக்கோட்டின் புழுங்கிய வாடையும், அதற்கு அடியில் ஆற்றுச் சேற்றின் வாடையும், அதற்கும் அடியில் பெட்ரோலும் கலந்து மெல்ல மெல்ல வரத் தொடங்கியதை, ஃபில்டரைக் கழுவி நாளாயிற்று என்று தனக்குத் தானே சொல்லிச் சமாளித்துக்கொண்டே, ரூட்டருக்குள் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் கட்டளையைத் தட்டினார்.

இரண்டு பேர். ஒன்று அவர். மற்றது கன்சோல், அதாவது கிளையின் பூட்டிய அறைக்குள், ரூட்டரின் எதிரில், கேபிளைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். பெயர் மச்சினனுடையது. அந்தக் கணக்கை அவரே தம் கையால் நீக்கியிருந்தார்.

கிளையின் புதுக் காவலாளிக்குப் போன் போட்டார்.

"யாருய்யா உள்ள?"

"கம்ப்யூட்டர்காரரு சார். மாமா அனுப்பினாருன்னு சொன்னாரு. நீங்கதானே சார் மாமா?"

"எப்படி... எப்படி இருந்தான்?"

"அதை ஏன் சார் கேக்குறீங்க, தொப்பலா நனைஞ்சுபோய் வந்தாரு. இங்க வெயில் மண்டையப் பொளக்குது! ஹெல்மெட்டக்கூடக் கழட்டல. தரையெல்லாம் சேறு, இதை யாரு தொடைக்கிறது?"

"அவனை உள்ளயே வச்சுப் பூட்டு."

"கிளம்பிட்டாரே சார். வேலை முடிஞ்சுதாம். அக்கா வீட்டுக்குப் போறாராம்."

போன் கையிலிருந்து நழுவி மேசைமேல் விழுந்தது. திரையில், அவர் எதையும் தொடாமலே, ரூட்டருக்குள் எழுதியிருந்தது முழுவதும் விரிந்தது. மச்சினனுக்கு ஒரு பழக்கம் இருந்தது: எழுதும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு பெயர் வைப்பான், பின்னால் வருகிறவனுக்குப் புரியட்டும் என்று. அந்தப் பெயர்களைக் கேலி செய்து மைக் ஒரு கூட்டத்தையே சிரிக்க வைத்திருக்கிறார்.

முதல் வழியின் பெயர், பாலம்.

அடுத்தது, ரயில்வே கேட்.

வெளியேறும் கட்டளையைத் தட்டினார். பதில் இல்லை. மடிக்கணினியை மூடினார். மூடியின் விளிம்பில் வெளிச்சம் கசிந்தது. உள்ளே விசைகள் தட்டும் சத்தம், நிதானமாக, பிழையில்லாமல். திறந்தார்.

பெட்ரோல் பங்க்.

தெருமுனை.

கத்தலாம். கூடத்தில்தான் இருக்கிறாள். ஆனால் என்னவென்று கத்துவது? கதவைத் திறக்காதே, உன் தம்பி வருகிறான் என்றா? தம்பிக்கு ஏன் திறக்கக் கூடாது என்று கேட்பாளே. ஆயிரம் பேர் முன்னால் பேசியவருக்கு ஒருத்தியிடம் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

வாசல்.

அழைப்பு மணி.

அவள் எழுந்தாள். தாழ்ப்பாள் விலகியது.

"டேய்..." ஒரே ஒரு சொல். பிறகு மெல்லிய பேச்சு. வாயில் நீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல. நீளமாக. நடுவில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். அதற்கும் பதில் வந்தது.

திரையில் புது வழி. பெயர், அக்கா.

அழித்தார். அழித்தார். விரல்கள் வழுக்கின. விசைகளுக்கு நடுவிலிருந்து சேற்றுநீர் ஊறியது.

கடைசி வரி. பெயர், மாமா.

கதவு திறந்தது. மனைவி. அவளுடைய ஒரு தோள் முழுக்க ஈரம். அவள் கைக்குள் இன்னொரு கை, வெளுத்து, ஊறி, விரல் நுனிகள் சுருங்கி. அவள் பின்னால் ஹெல்மெட். முகக் கண்ணாடிக்குள் கலங்கிய நீர் புருவம்வரை நின்றது. நீருக்குள் இரண்டு கண்கள் இமைக்காமல் அவரையே பார்த்தன.

மனைவி அழவில்லை.

"கிளம்புங்க," என்றாள். "அங்க ஒரு கேபிள் சொருகணுமாம். நேர்லதான் போகணுமாம். தம்பி வழி காட்டுவான்."

"நான் சொல்றதக் கேளும்மா..."

"ஹெல்மெட் அவன்கிட்ட இருக்கு. ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்குத் தர்றானாம்."

அவன் இரண்டு கைகளாலும் அதைக் கழற்றத் தொடங்கினான். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மறுநாள் முதல் கிளையின் இணைப்பு தடையில்லாமல் இயங்குகிறது.