கணினியில் வற்றாத ஆறு

"ஹலோ... எந்திரிங்க. இது என் இடம்."

தலையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்ட அவன் நிமிர்ந்தான். கண்கள்... அப்போதுதான் கழுவி வைத்த மாதிரி. அவள் சட்டென்று பார்வையைக் கணினித் திரைக்குத் திருப்பிக்கொண்டாள். அங்கே ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய நிலத்தடி நீர் மாடல். அதைத்தான் அவன் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நகரத்துக்குப் புதுக் கிணறு எங்கே தோண்டலாம் என்று குடிநீர் வாரியம் கேட்டிருந்தது. பயிற்சி வகுப்பில் அவள் மாடல்தான் தேர்வானது. பூமியைக் கட்டங்கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நீர் வரவும் செலவும் பார்க்கிற வித்தை. வங்கி வேலையை விட்டுவிட்டு முட்டி மோதிக் கற்றது. மாடலில் ஆற்றோரம் கிணறு போட்டு, கோடை முழுக்க இறைத்தாலும் மட்டம் இறங்கவே இல்லை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நான் பக்கத்து பேட்ச்," என்றான். "ஒண்ணு கேக்கலாமா? உங்க ஆறு வத்தவே வத்தாதா?"

"என்ன சொல்ல வர்றீங்க?"

"ஆத்து மட்டம் மாறாதுன்னு குடுத்திருக்கீங்க. கிணறு எவ்வளவு கேட்டாலும் கம்ப்யூட்டர் அள்ளி ஊத்திட்டே இருக்கும். நிஜ ஆத்துல கோடையில வெறும் மணல்தானே..."

"மொதல்ல தலையத் தொவட்டுங்க. அப்புறம் எனக்குப் பாடம் நடத்தலாம்."

சிரித்தபடி எழுந்து போனான். அந்தச் சிரிப்பு வேறு... வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அந்த வாரம் முழுக்க அவனைக் கண்டும் காணாமல் நடந்தாள். ஒரு மத்தியானம் மனசு கேட்காமல் மாடலின் நீர்க்கணக்கைத் திறந்தாள். கிணற்றுக்கு வந்த நீர் பெரும்பாலும் ஆற்றிலிருந்துதான். மண்ணாய்ப் போனவன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்!

"ஒத்துக்கோடி," என்றாள் அக்கா. "மூக்கு ஒண்ணும் அறுந்து விழாது."

"வேலைய விட்டதுக்கு அப்பா இன்னும் முகங்குடுத்துப் பேசல. வாரியம் ஊர்க்காரங்களக் கூப்பிட்டிருக்கிற கூட்டத்துக்கு வேற வர்றாராம். அவர் முன்னாடியா?"

"அப்ப ஊரு தண்ணியில்லாம கெடக்கட்டுமா?"

கூட்டத்தில் அவள் முதலில் சொன்னதே அதுதான்.

"நான் முன்னாடி குடுத்த முடிவு தப்பு. அந்த இடத்துல கிணறு போட்டா கோடையில காத்துதான் வரும்."

அரங்கின் திரையில் மாடலை ஓட்டினாள். அவள் ஆற்றை வற்றவிட்டாள். கிழக்கே, நீரைத் தேக்கி வைத்திருக்கும் தடித்த சரளைப் படுகைக்குக் கிணற்றை நகர்த்தினாள். அங்கே கோடையிலும் நீர் நின்றது. சோதனைக் கிணறுகளில் அளந்த மட்டங்களோடும் கணக்கு ஒத்துப்போனது.

"தப்பக் கண்டுபிடிச்சது அதோ, கடைசி வரிசையில இருக்கறவர். திருத்தினது நான்."

வாரியத்தார் கிழக்கையே முடிவு செய்தார்கள். அப்பா பக்கத்து இருக்கைக்காரரிடம், அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி, "என் பொண்ணு!" என்றார்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவன் தூணோரம் நின்றான்.

"வாரியத்துகிட்ட நீங்களே போட்டுக் குடுத்திருக்கலாமே?" என்றாள்.

"எதுக்கு? எவ்வளவு கோவம்னாலும் கணக்கப் பாக்காம விட மாட்டீங்கன்னு தெரியும்."

அவள் தலை குனியவில்லை. நேராகப் பார்த்தாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க, ரெண்டாவது தடவ சொல்ல மாட்டேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. இதுல தப்பிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அவன் காதெல்லாம் சிவந்தது.

"ஒரு வாரமா நானும் இதையேதான் சரிபாத்துட்டிருந்தேன்..." என்றான். "தப்பே இல்லீங்க."